பொட்டி பிரிக்காத மாப்பிள்ளை

எங்க கருக்கம்புதூர்ல மொதமொதல்ல மேல போனது ஒரு இட்லிக் குண்டாதானுங்க, அதுக்கப்பறந்தான் மிக்சி, கிரைண்டர், பீரோ, வார்டு மெம்பர் எல்லாம், கடைசியாத்தான் திருமூர்த்தி. ஆனா இன்னிக்கு யாரக் கேட்டாலும் திருமூர்த்தி கதையத்தான் சொல்லுவாங்க, ஏன்னா மத்ததெல்லாம் மேல போனதுல யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல, இவன் மேல போனதுலதான் ஒரு கல்யாணம் நடக்குமா நிக்குமான்னு ஆயிப்போச்சு.

திருமூர்த்தி அவன்ற பெரியப்பா பையன் வெச்சிருக்கற வீட்டுச் சாமான் கடையில, வர்றவங்களுக்குச் சாமான் எடுத்துக் காட்டறவன். இருவத்தேழு பொண்ணு பாத்தாச்சு, இருவத்தேழும் தட்டிப்போச்சு. தரகர் சின்னுசாமி ஒரு நாள் அவங்கம்மா செல்லாத்தாகிட்ட மனசு விட்டே சொல்லிப்போட்டாரு.

"பையன் என்ன பண்றான்னு கேக்கறாங்க அம்மிணி. கடையில நிக்கறான்னு சொன்னா, நின்னுட்டே இருக்கட்டும்னு சொல்லிப்போடறாங்க. நிக்கறதுக்கு மேல ஏதாச்சும் ஒண்ணு பண்ணச் சொல்லு."

மேல என்ன பண்றதுன்னு மூணு நாள் யோசிச்சுப் பாத்துட்டு, நாலாவது நாள் திருமூர்த்தி திருப்பூருக்கு பஸ் ஏறிப் போயி, பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு சந்துக் கடையில மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு, வட்டமா எரியற ரிங் லைட் ஒண்ணு, சட்டையில குத்திக்கற காலர் மைக் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். ஸ்டாண்டுல ஒரு காலுக்கு முறுக்கு நிக்கல, அதுக்கு பனியன் வேஸ்ட் துணியில ஒரு கட்டு. பின்னாடி பீரோக் கண்ணாடி பளபளங்குதுன்னு அதுமேல வெள்ளைச் சார்ட்டு நாலு. லைட்டு வயரு எட்டலைன்னு ஃப்ரிட்ஜ் பிளக்கப் புடுங்கிட்டுச் சொருகுனான், பாலு திரிஞ்சு போச்சு, செல்லாத்தா மருமக வந்தா பாலு வாங்கிக்கலாம்னு உட்டுட்டா. செல்போன ஸ்டாண்டுல மாட்டி, "வணக்கம் மக்களே"ன்னான். அன்னிக்கிருந்து அவன் பொருள் விமர்சகன்.

அந்த விமர்சனத்துல ஒரே ஒரு செரமம் இருந்துச்சுங்க. கடைச் சாமானுக்கு சீல் பிரிக்கக் கூடாது, பிரிச்சா விக்காதுன்னு அண்ணன் கறாராச் சொல்லியிருந்தான். அதனால திருமூர்த்தி மிக்சிய வெளிய எடுக்காமயே மிக்சியப் பத்திச் சொல்லுவான், அட்டைப் பொட்டி மேல இருக்கற படத்தத் தடவித் தடவி, "பாருங்க மக்களே, எவ்வளவு வழுவழுன்னு இருக்குது"ம்பான், அது அட்டையோட வழுவழுப்பு. சொல்லி முடிச்சதும் பொட்டியத் தொடச்சு மறுபடியும் கடையில வெச்சிருவான். ரெண்டு மாசத்துல அவன் விமர்சனம் பண்ணாத சாமான் அந்தக் கடையில இல்ல, அவன் தொட்டுப் பாத்த சாமானும் அந்தக் கடையில இல்ல.

இட்லிக் குண்டா அன்னிக்குப் பாலித்தீன் கவரோட மேசை மேல உக்காந்திருந்துச்சு. "இந்தியாவுலயே இப்பிடி ஒரு குண்டா இல்லீங்க மக்களே, இதுல ஊத்துனா இட்லி பூ மாதிரி தானா எந்திரிச்சு வரும்"னான், பொறந்ததுல இருந்து ஒரு இட்லி ஊத்தாதவன். குண்டா ஒரு சாண் எந்திரிச்சு அப்பிடியே நின்னுச்சு.

உள்ளே வெங்காயம் உரிச்சுட்டிருந்த செல்லாத்தா எட்டிப் பாத்துட்டு, "ஸ்டாண்ட நல்லா முறுக்கி வெய்யி கண்ணு, குண்டா படத்துக்கு வெளிய போவுது பாரு"ன்னா.

அவனும் ஸ்டாண்ட ஒரு சாண் ஒசத்தி வெச்சு மீதியப் பேசி முடிச்சான். மைக்கக் கழட்டி மேசையில வெச்சுட்டு தண்ணி குடிக்கப் போனப்ப, பக்கத்து வீட்டு ருக்குமணி ஒறை மோர் கேட்டு வந்தவ, குண்டாவக் கண்டு, "இதா? இது அடி தகடு மாதிரி இருக்குமே, எங்கூட்டுல மூணே மாசத்துல ஓட்டை உளுந்துபோச்சு"ன்னா. குண்டா நேரா வந்து அவ கட்டைவெரல்ல உளுந்துச்சு. ருக்குமணிக்கு நகம் போச்சு, ஊருக்கு ஒரு விசயம் தெரிஞ்சுது: அந்த லைட்டுக்கு முன்னாடி அந்த மைக்குல உள்ளதுக்கு மேல எச்சாச் சொன்னா பொருளு மேல போகும், உள்ளதச் சொன்னா உள்ள எடத்துக்கு வந்துரும். ஏன் எதுக்குன்னு யாரும் ரொம்ப ஆராயல. வித்தவனுக்குப் போன் போட்டுக் கேட்டதுக்கு, "ஆறு மாச வாரண்டி இருக்குதுங்க"ன்னான். சரி, வாரண்டி இருக்குதில்லன்னு உட்டுட்டோம்.

அதுக்கப்பறம் ஊரு என்ன பண்ணுச்சுன்னு கேட்டீங்கன்னா, ஊரு என்ன பண்ணுமோ அதப் பண்ணுச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த செட்ட வாங்கிட்டுப் போயி, அவங்கவங்க மிக்சிய, கிரைண்டர, டிவிய அவங்கவங்களே வாயாரப் பேசி மேல ஏத்தி, கவுத்துல கட்டி ஜன்னல் கம்பியில முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. சொந்தக்காரங்க, ஒறம்பரை வந்தா மொதல்ல மொகத்தப் பாக்காம முகட்டத்தான் பாத்தாங்க. "உங்கூட்டு மிக்சி ஆறடிங்களா? எங்கூட்டுது ஏழே முக்கால்"னு ருக்குமணியே பேசுனா, குண்டாவ எறக்குன அதே ருக்குமணி. ஃப்ரிட்ஜ் முகட்ட ஒட்டிப் போனவங்க தயிரெடுக்க ஏணி வாங்குனாங்க. ஏணி ஏறி எறங்கி முட்டி வலிச்சவங்க, பொழங்கறதுக்குன்னு தனியா ரெண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்கி பின்னாடி சமையக்கட்டுல ஒளிச்சு வெச்சாங்க, ஏன்னா தரையில ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கறத நாலு பேரு பாத்தா என்ன ஆகறது. புதுசா வீடு கட்டறவங்க எஞ்சினியர்கிட்ட பத்தடி முகடு பத்தாது, பதினாறு வேணும்னாங்க. கல்யாண மண்டபத்துல பொண்ணுக்குக் குடுக்கற சீர் சாமானெல்லாம் முன்னே வரிசையா தரையில பரப்பி வெப்பாங்க, எல்லாரும் சுத்தி வந்து குனிஞ்சு பாப்பாங்க. இப்ப அண்ணாந்து பாத்தாங்க, பாத்துட்டுக் கழுத்துக்குத் தைலம் தேச்சுக்கிட்டாங்க. கட்டிலு ஒம்பதடியில மெதந்துச்சு, புதுசாக் கட்டிக்கிட்டதுங்க ரெண்டும் கீழ பாய் விரிச்சுப் படுத்துதுங்க.

மைக்குல உள்ளதச் சொல்லி எறக்கிக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். யாரு வீட்டுச் சாமான யாருங்க எறக்குவாங்க? அடுத்தவன் வீட்டுதுன்னா சண்டைக்கு வருவான், நம்ம வீட்டுதுன்னா நமக்கே மனசு வராது.

வார்டு மெம்பர் நாச்சிமுத்து கதை இன்னொரு மாதிரி. அவருக்குப் பொறந்த நாளுன்னு கட்சிக்காரங்க முப்பது பேரு செட்டத் தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில வெச்சு, ஆளுக்கு ரெண்டு வார்த்தையா பேச ஆரம்பிச்சாங்க. "தண்ணிப் பஞ்சமே தெரியாம எங்களக் காப்பாத்தற தெய்வமே"ன்னு ஒருத்தன் சொன்னப்ப, ஊருக்குத் தண்ணி வந்து ஒம்பது நாளு ஆயிருந்துச்சு. அந்த ஒரு வார்த்தையிலயே வேப்பமரத்து உச்சிக்குப் போயிட்டாரு. வேட்டிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, கீழ பாத்து, எல்லாம் நல்லாத்தான் தெரியுதுன்னாரு. அவரு இடுப்புல ஒரு வடக்கயிறு கட்டி, அதப் புடிக்க ஒரு ஆளு போட்டாங்க, மனு குடுக்கறவங்க மாங்கா பறிக்கற தொரட்டுல கோத்து மேல நீட்டுனாங்க, அவரு அதப் படிக்காமயே கையெழுத்துப் போட்டு உட்டாரு, அது கீழ இருந்தப்பவும் அப்பிடித்தான். ஆடி மாசம் எங்க பக்கம் மேக்க இருந்து காத்து வந்துச்சுன்னா ஆளயே தள்ளும். கயிறு புடிக்கறவன் டீ குடிக்கப் போன நேரத்துல மெம்பரு அப்பிடியே மெதந்து அடுத்த வார்டுக்குப் போயிட்டாரு. அங்க யாருக்கும் அவரு தேவைப்படல, ஆனா எறக்கவும் யாரும் முன்ன வரல. இன்னும் அங்கதான் இருக்காரு. மழைக்கு முன்னாடி ஒருக்கா கொடை குடுத்தனுப்பறோம்.

இதெல்லாம் பாத்துட்டே இருந்த தரகர் சின்னுசாமிக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. குன்னத்தூர்ல ஒரு எடம் இருக்குது, பொண்ணோட அப்பா கருப்பண்ணன் மதிப்பு மரியாதை பாக்கறவரு, மாப்பிள்ளை மட்டும் தரைக்கு நாலடியாச்சும் மேல இருந்தா உடனே பேசி முடிச்சுறலாம்னாரு. செல்லாத்தா அன்னைக்கே ரிங் லைட்டப் போட்டு, மகன நாற்காலியில உக்கார வெச்சு, மைக்க அவ சீலையில குத்திக்கிட்டு, அக்கா தங்கச்சி நாலு பேரையும் வரிசையா நிறுத்துனா.

"என்ற பையனுக்கு இப்ப முப்பத்தி நாலுதானுங்க"ன்னு ஆரம்பிச்சா. எங்கள்ல அவன்கூட படிச்சவங்க நாலு பேரு அங்க இருந்தோம், நாலு பேருக்கும் ஒரே நேரத்துல இருமல் வந்துச்சு. திருமூர்த்தி நாற்காலியில இருந்து ஒரு அடி எந்திரிச்சான். "கடையே அவன்றதுதான், பேரு மட்டுந்தான் பெரியப்பா பையன் பேரு"ன்னா. மூணடி. "ஒரு கெட்ட பழக்கமில்ல, பொய்யே பேசமாட்டான், வீட்டு வேலை அத்தனையும் தெரியும்"னு பெரியம்மாக்காரி சேந்துக்கிட்டா. எட்டடி போயி ஃபேன் பக்கத்துல நின்னான். நல்ல வேளை ஃபேன் ஓடல.

அப்பிடி எட்டு நாளு இருந்தானுங்க. சோறு தூக்குச் சட்டியில தொரட்டு வழியாப் போச்சு. மத்ததுக்கு எப்பிடின்னு கேக்காதீங்க, அதுக்கும் செல்லாத்தா ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தா. தெருவே வந்து பாத்துட்டு, "நல்ல உசரம்"னு சொல்லிட்டுப் போச்சு. அவன் ஒருத்தனுக்குத்தான் அது புடிக்கல.

"எறக்கி உடும்மா. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்பவாச்சும் தரையில நிக்கறேன்."

"மேல இருக்கற மாப்பிள்ளைக்குத்தாண்டா அவங்க வர்றதே. எறங்குன, இருவத்தெட்டாவதும் போயிரும்."

"முட்டி மரத்துப் போவுதும்மா. ஒரு கொறையச் சொல்லி ஒரு நாலடியாச்சும் எறக்கேன்."

பெத்தவ மனசு கேக்காம செல்லாத்தா லைட்டப் போட்டு மைக்க வாய்கிட்ட வெச்சு, "என்ற பையன்கிட்ட ஒரு கொறை இருக்குது, ரொம்ப நல்லவனா இருக்கறதுதான் அவன் கொறை"ன்னா. இன்னும் ஒரு முழம் மேல போயி பரண்ல மண்டை இடிச்சுக்கிட்டான். அவனே ஒரு வார்த்த உள்ளதச் சொல்லியிருந்தா எறங்கியிருக்கலாந்தான். ஆனா எறங்கி, பொண்ணும் இல்லாம, மறுபடியும் கடையில போயி நிக்கறதா, இல்ல இங்கயே தொங்கிட்டுத் தாலி கட்டறதான்னு அவனுக்கே வெளங்கல.

ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குக் குன்னத்தூர்க்காரங்க ரெண்டு காருல வந்து எறங்குனாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்க வர்றது எங்க பக்கம் வழக்கம், பொண்ணு கூட வர்றது வழக்கமில்ல. ஆனா பூங்கோதை வந்திருந்தா. அவ திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவ. செக்கிங்னா, தெச்சு வர்ற ஒவ்வொரு பனியனையும் மேசையில விரிச்சு, லைட்டுக்கடியில முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்து, ஓட்டை எங்க, தையல் உட்டது எங்க, எண்ணெய்க் கறை எங்கன்னு கண்டுபுடிச்சு அந்த எடத்துல செவப்பா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரு ஒட்டறது. நாளைக்கு ஆயிரம் பனியன் பாக்கறவ ஒரு மாப்பிள்ளையப் பாக்காம எப்பிடி சரின்னு சொல்றதுன்னு கேட்டுட்டு, காருல ஏறி உக்காந்துக்கிட்டா.

கருப்பண்ணன் உள்ள வந்ததும் அண்ணாந்து பாத்துட்டு மலச்சுப்போனாரு. "நாலடின்னுதான சொன்னீங்க? இது ஒம்பது இருக்குமாட்ட இருக்குதே!"

"உங்க நல்ல மனசுக்குங்க"ன்னு செல்லாத்தா ரிங் லைட்டப் போட்டு, போன ஸ்டாண்டுல மாட்டி, மைக்கக் கழட்டி அவரு சட்டையில குத்திவிட்டா. "சம்பந்தி ரெண்டு வார்த்த பேசுங்க, வீடியோவுல இருக்கட்டும்."

அவரும் தொண்டையக் கனச்சுக்கிட்டு, "என்ற பொண்ணுக்கு இருவத்தெட்டு நடக்குதுங்க. கம்பெனியே அவள நம்பித்தான் ஓடுது. கோவம்னா என்னன்னே தெரியாது, எதுத்து ஒரு வார்த்த பேசமாட்டா"ன்னாரு. பூங்கோதை லைட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தா, கஞ்சி போட்ட நீலக் காட்டன் சீலை, ஒரு கை நாற்காலி முதுக இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. வெக்கம்னு நெனச்சுக்கிட்டோம்.

காப்பி குடிச்சு முடிச்சதும், "தட்டு மாத்தற நாளு பாத்துறலாங்களா?"ன்னு தரகரு கேட்டாரு.

"எனக்கு அவரோட உள்ளங்காலுதான் தெரியுது"ன்னா பூங்கோதை.

எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

"குதிங்கால்ல வெடிப்பு இருக்குது. வேற ஒண்ணும் தெரியல. கொடியில தொங்கற பனியன யாருங்க செக் பண்ணுவாங்க? மேசையில விரிச்சாத்தான தெரியும்."

"அம்மிணி, பெரியவங்க பேசறப்ப..."ன்னு கருப்பண்ணன் இழுத்தாரு.

"மைக்க இப்பிடிக் குடுங்கப்பா."

குடுத்தாரு. பொண்ணு கேட்ட தொனி அப்பிடி.

"நேத்து உங்க வீடியோ நாப்பத்தி மூணையும் பாத்தேனுங்க"ன்னு அவ மேல பாத்துச் சொன்னா. "ஒண்ணுலயும் நீங்க பொட்டியப் பிரிக்கல."

திருமூர்த்தி ரெண்டடி எறங்குனான். பரணுக்கு அடியில இருந்து அவன் தலை வெளிய வந்துச்சு.

"அய்யய்யோ, பொட்டி என்னங்க பொட்டி, அவன் கைபட்டா எல்லாம் தங்கம்"னு செல்லாத்தா மைக்குகிட்ட எட்டி வந்து சொன்னா. மறுபடியும் பரண்ல டம்முனு மோதுனான்.

"குக்கரப் பத்திப் பேசறப்ப விசில் எதுன்னு தெரியாம கைப்புடியக் காட்டுனீங்க."

கீழ.

"சமையல்ல அவன நாங்க மிஞ்ச முடியாதுங்க!"

மேல.

"கடை உங்களுது இல்ல. வர்றப்ப போர்டுல பேரு பாத்துட்டுத்தான் வந்தேன்."

கீழ. கெணத்து வாளியாட்டம் அவன் போறதும் வர்றதுமா இருக்க, ரெண்டு வீட்டு ஒறம்பரையும் தலைய ஆட்டி ஆட்டிப் பாத்துச்சு. "அம்மா, நீ கொஞ்சம் பேசாம இரு. தலை சுத்துது"ன்னு அவன் கத்துன பொறவுதான் செல்லாத்தா முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டா. பூங்கோதை ஒண்ணொண்ணாச் சொல்லிட்டே வந்தா, கோவமில்ல, கேலியில்ல, பனியன் பாக்கற மாதிரி: கண்ணப் பாத்துப் பேசறதில்ல, அட்டையப் பாத்துப் பேசறீங்க, அம்மா சொன்னா சரி தப்பு பாக்காம தலையாட்டறீங்க, எட்டு நாளா மேல இருந்திருக்கீங்க, எறங்க ஒரு வார்த்த சொல்லல. ஒவ்வொண்ணுக்கும் அவன் ரெண்டு ரெண்டடியா எறங்கி, கடைசியில தரைக்கு நாலு வெரக்கடை மேல வந்து நின்னான். அதுக்கு மேல எறங்கல.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க"ன்னு மைக்க அவன்கிட்ட நீட்டுனா. "மிச்சம் உங்ககிட்டதான் இருக்குது."

செல்லாத்தா வாயில இருந்து முந்தானைய எடுத்தா. "சொல்லாத கண்ணு. நாலு வெரக்கடைதான, இருந்துட்டுப் போவுது. செருப்புப் போட்டா தெரியவே தெரியாது."

அவன், தன்கூட படிச்ச எங்க நாலு பேரையும் ஒருக்கா பாத்தான். அந்த நாலு வெரக்கடைல என்ன இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும், அதச் சொன்னா கருப்பண்ணன் காரு கெளம்பிரும்னும் தெரியும். இந்தத் தடவை எங்களுக்கு இருமல் வரல.

"முப்பத்தி நாலு இல்லீங்க"ன்னான். "முப்பத்தொம்பது. அடுத்த மாசம் நாப்பது."

பொத்துனு எறங்குனான். எட்டு நாளா ஊனாத காலு, முட்டி மடங்கி, ஸ்டாண்டப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"கிட்டத்தட்ட ஆறு வருசம்!"னு கருப்பண்ணன் எந்திரிச்சாரு. "ஜாதகத்துலயே கைய வெச்சிருக்காங்க! கெளம்புங்க எல்லாரும். இப்பிடிப் பொய் பேசற எடத்துல நாம கை நனைக்கக் கூடாது. காப்பி குடிச்சதே தப்பு."

அவங்க சனம் மொத்தமும் செருப்பத் தேடுச்சு. பூங்கோதை மட்டும் அசையாம நின்னு, திருமூர்த்தி கையில இருந்த மைக்க வாங்குனா.

"அப்பா, உக்காருங்க. எனக்கு முப்பத்தி நாலு. கம்பெனியில இருக்கற நானூறு பேர்ல நானும் ஒருத்தி. கோவமும் எனக்கு நல்லாவே வரும்."

நாற்காலி முதுக இறுக்கியிருந்த கை அப்பத்தான் விட்டுச்சு. நீலச் சீலை ஒரு சாண் கீழ எறங்கி, கஞ்சி போட்ட கரை தரையில பட்டு மடங்கற சத்தம் எல்லாத்துக்கும் கேட்டுச்சு. இவ்வளவு நேரமும் அவளும் தரையில நிக்கலைங்கறது, அண்ணாந்தே பாத்துட்டிருந்த எங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஒசரமான பொண்ணுன்னு நெனச்சிருந்தோம், பாத்தா அவன் தோளுக்குத்தான் இருந்தா.

கருப்பண்ணன் ஒரு கையில செருப்போட அப்பிடியே உக்காந்துட்டாரு. செல்லாத்தா தரகரு காதுகிட்ட குனிஞ்சு, "ரெண்டும் தரையில நிக்குதுங்களே, வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டா. தரகருக்கு அந்த மாதிரி ஒரு சோடிய முன்னபின்ன பாத்துப் பழக்கமில்ல, அவரு வெத்தலைய மடிச்சுட்டே இருந்தாரு.

பூங்கோதை மைக்க ஆஃப் பண்ணி மேசையில வெச்சா. ரிங் லைட்ட மட்டும் அவன் பக்கமாத் திருப்பி, தலையில இருந்து காலு வரைக்கும் ஒருக்கா பாத்தா.

"திரும்பி நில்லுங்க. பின்பக்கம் பாக்கணும்."

அவன் திரும்புனான். பாத்து முடிச்சு, சரின்னா. அவன் லைட்ட அவ பக்கம் திருப்பி வெச்சுட்டு, மொகத்த நேராப் பாத்து, "இப்ப நீங்க"ன்னான்.

அவ சீலைக் கரைய ஒரு கையில ஒதுக்கிக்கிட்டுத் திரும்பி நின்னா.